மௌன அஞ்சலியில் கெட்டிமேளம்

எண்பதுகளில் சுவிஸில் நான் தவில் வாசித்த இடங்களைச் சொன்னால் எங்கள் ஊர் வித்துவான்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கோயில் வீதியும் இல்லை, கலியாணப் பந்தலும் இல்லை. எல்லாம் தொழிலாளர் கழகங்கள். ரயில்பாதை திருத்துகிறவர்கள், மரம் தறிக்கிறவர்கள், மலையில் கம்பிவண்டி ஓட்டுகிறவர்கள் என்று கைவேலை செய்கிற சனம் சேர்ந்து நடத்துகிற சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு கட்டடம் இருக்கும். அதற்குள் ஒரு மண்டபம், ஒரு மதுக்கூடம், சுவரில் கட்டாயம் ஒரு மான்தலை. எங்கள் சனசமூக நிலையத்தில் பேப்பரை எடுத்துவிட்டுப் பியரை வைத்தால் எப்படியிருக்குமோ, அப்படி.

அந்த மண்டபங்களில் எனக்குக் கிடைத்த மரியாதைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஓரிடத்தில் நான் தனி வாசித்து உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது குசினியிலிருந்து சூடான சொசேஜ் வந்துவிட்டது. கழகத் தலைவர் மேடைக்கு ஏறி என் தோளைத் தட்டி, சொசேஜ் ஆறினால் கெட்டுப்போகும், மேளம் ஆறினால் ஒன்றும் ஆகாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தபடியால் நானும் இறங்கிப்போய்ச் சாப்பிட்டேன். இன்னோரிடத்தில் என்னை மான்தலைக்கு நேர் கீழே இருத்திவிட்டார்கள். தவிலின் அதிர்வில் மான் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, மூன்றாவது உருப்படியில் என் உச்சந்தலையை மோந்து பார்க்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. சபை ஆடாமல் அசையாமல் இருந்தது. என் வாசிப்பில் மயங்கிவிட்டார்கள் என்றுதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இவையெல்லாம் பிறகு நடந்தவை. முதன்முதலில் வாசித்த கழகத்தில் நான் செய்து வைத்த காரியத்துக்கு முன்னால் அந்த மான் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கதையைப் பலர் பலவிதமாகச் சொல்லித் திரிகிறார்கள். செய்தவன் நான் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

அப்போது டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்து மேசையில் சலாட் வெட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் ஒரு கோஷ்டியில் கிளாரினெட் ஊதியவர். அவரை அண்ணை என்பேன். சூட்கேசில் சேட்டுகளுக்கு நடுவில் கிளாரினெட்டை ஒளித்து வைத்துக் கொண்டுவந்திருந்தார். கிளாரினெட் கெட்டிக்கார வாத்தியம். துண்டு துண்டாகக் கழற்றலாம், அறையைச் சாத்திக்கொண்டு மெதுவாகவும் ஊதலாம். தவிலிடம் இந்தச் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. அதற்கு ஒரே ஒரு குரல்தான், அது ஊருக்குக் கேட்கிற குரல்.

என் தவில் பாரிஸிலிருந்து வந்தது. அங்கே கோயில் தொடங்க நினைத்த ஒருவர் ஊரிலிருந்து எடுப்பித்து, கோயில் தொடங்காமல், கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். தெரிந்தவர் ஒருவர் அதைப் போர்வையில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து சேர்த்தார். எல்லையில் அதிகாரி உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாராம். காற்று என்று இவர் சொன்னாராம். நம்பாத அதிகாரி முஷ்டியால் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, பெட்டியில் இருந்த அத்தனை பேரும் துள்ளி எழும்பியபின், போகலாம் என்று விட்டாராம்.

தவில் வந்த நேரம் என் கை வாசித்து ஒன்றரை வருடமாகியிருந்தது. சுடுதண்ணீரிலும் சோப்பிலும் கிடந்து விரல்கள் ஊறிப்போயிருந்தன. எனக்கிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான்: கை மறந்துவிடும். விசா, அகதி வழக்கு, பனி, ஒன்றுக்கும் நான் அவ்வளவு பயப்படவில்லை. படுக்கும்போது நெஞ்சில் தட்டிப் பார்ப்பேன். தாளச் சொல் வரும். ஆனால் நெஞ்சைத் தட்டித் தட்டித் தவிற்காரனாக இருக்க முடியுமா? சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பயத்தில் நான் சிடுமூஞ்சியாகிவிட்டேன். குசினியில் மூன்று பாஷைக்காரரோடும் சண்டை பிடித்தேன்.

தவில் வாசிக்க வலது கை விரல்களுக்குக் கூடு வேண்டும். துணியைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிக் காயவிட்டால் கல்லுமாதிரி இறுகிவிடும். துணிக்குக் குசினியின் முதலுதவிப் பெட்டியில் இருந்த பாண்டேஜை எடுத்தேன். பசைக்குக் கோதுமை மா. விரல்களை விரித்துக் காயவிட்டுக்கொண்டு நின்றபோது பெரிய சமையற்காரர் உள்ளே வந்தார். ஒரு கையின் எல்லா விரலிலும் கட்டு. மனிதர் வெளிறிப்போனார். என்னைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் பருக்கி, வேலைத்தல விபத்துப் படிவம் எடுத்துவர ஆள் அனுப்பினார். அண்ணை வந்து இது காயம் இல்லை, இசை என்று சொன்னார். சமையற்காரர் இரண்டு கட்டம் நிரப்பிவிட்டபடியால் படிவத்தைக் கிழிக்க மனமில்லாமல் வைத்திருந்தார்.

முதல் அடியை ஹோட்டலின் மேல்மாடியில், பணியாளர் அறையில், பகல் இரண்டு மணிக்கு அடித்தேன். நான்கு ஆவர்த்தனம் போயிருக்காது. வரவேற்பு மேசைக்காரி மூச்சிரைக்க ஏறி வந்தாள். அந்த மலையில் பனிச்சரிவு தானாக விழமுன் வெடி வைத்து விழுத்துவார்கள். விருந்தாளிகள் அந்த வெடி என்று நினைத்து, மலையைப் பார்க்கப் படமெடுக்கிற கருவிகளோடு பால்கனிகளில் கூடிவிட்டார்களாம். சரிவு வராததில் அவர்களுக்குக் கோபமாம்.

அதற்குப்பிறகு பக்கத்துக் கட்டடத்துச் சலவை அறையில் முயன்றேன். மேலே இருந்த பல்வைத்தியரின் கை நடுங்கியதாக முறைப்பாடு வந்தது. காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனேன். வனக்காவலர் வந்து, மான்கள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட்டன, அவை இந்த மாநிலத்து மான்கள் என்றார். இறைச்சி வைக்கிற குளிரறையில் ஒருவருக்கும் கேட்காது என்று அண்ணை யோசனை சொன்னார். கேட்கவில்லைதான். ஆனால் அந்தக் குளிரில் தோல் விறைத்து, தவில் தகரம்போலச் சத்தமிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். என் தவிலுக்கு ஒரு பக்கமும் இடி விழவில்லை. விழுந்த இடியெல்லாம் எனக்குத்தான்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல வந்தவர் ஹோட்டலின் சூடாக்கும் அறையைப் பார்க்கிறவர். பெரிய வயிறும் சின்னக் குரலும் உள்ள மனிதர். அவர்தான் ஊர்த் தொழிலாளர் கழகத்தின் தலைவர் என்பது எங்களுக்குத் தெரியாது. கழகக் கட்டடத்தின் நிலவறையில் பந்துருட்டும் இடம் ஒன்று இருந்தது. ஒன்பது மரக்கட்டைகளை நிறுத்தி வைத்து, பாரமான பந்தை உருட்டி விழுத்துகிற விளையாட்டு. அந்தச் சத்தம் தெருவுக்குப் போகாதபடி சுவரெல்லாம் ஒரு முழத் தடிப்பு. கட்டை விழுகிறது கேட்காதென்றால் உன்னுடைய பீப்பாவும் கேட்காது என்றார். பீப்பா என்றதை நான் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் சாவியை அவர் தன் பாட்டில் தந்துவிட முடியாது. கழகத்துக்கு யாப்பு என்று ஒரு சட்டப்புத்தகம் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் கையுயர்த்தி வாக்களிக்கவேண்டும். அதற்குமுன் நாங்கள் என்ன சத்தம் போடுகிறோம் என்று அவர்கள் கேட்கவும் வேண்டும். ஆகவே கூட்டத்தின் தொடக்கத்தில் நாங்கள் இரண்டு உருப்படி வாசிப்பது. ஏழாவது விடயமாகச் சாவி வாக்குக்கு வரும். இதைக் கேட்டதும் என் நெஞ்சு இடித்த இடிப்பு அந்தக் குளிரறைத் தவிலைவிட நன்றாக இருந்தது. அந்தச் சாவி கிடைக்காவிட்டால் தவிலைத் திரும்பப் பாரிஸுக்கு அனுப்பிவிட்டு முழுநேரக் கோப்பைக்காரனாகிவிடுவது என்று முடிவு செய்தேன். அண்ணையிடம் சொன்னபோது, வாய்க்கு வந்ததைக் கதைக்காதே என்று ஏசினார்.

பத்து நாள் பயிற்சி. அண்ணை சலாட் அலம்பும் இடத்தில் மெல்ல ஊத, நான் மா மூட்டையில் அடிப்பேன். வேலை முடியும்போது இரண்டு பேரும் திருநீறு பூசியவர்கள் போல நிற்போம். ஒன்று எங்கள் கோயிற் புறப்பாட்டு இசை. மற்றது சுவிஸ்காரரின் துள்ளல் நடனமெட்டு ஒன்று. அண்ணை அதைக் குசினி வானொலியில் கேட்டுப் பிடித்திருந்தார். அந்த மெட்டு இரண்டே இரண்டு அடியில் நடக்கும். இந்தக் கையால் ஐந்தடியில் நொண்டுகிற நடைகூட வாசித்த எனக்கு, இரண்டு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு இளக்காரம் இருந்தது. ஆடிப்பார்த்தபின் விளங்கியது, அவர்கள் மூன்றாவது அடியைக் காலால் போடுகிறார்கள்.

ஒரு ஞாயிறு பிற்பகல் கூட்டம். அறுபது பேர் வரை நீள மேசைகளில் இருந்தார்கள். வேட்டி கட்டிப் பொட்டு வைத்து, வேட்டிக்குக் கீழே நீளக் கம்பளிக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு மேடையேறினோம். புறப்பாட்டு இசையைக் கையைக் கட்டிக்கொண்டு, சோதனைத்தாள் திருத்துகிறவர்கள் மாதிரிக் கேட்டார்கள். முடிந்ததும் முஷ்டியால் மேசையைத் தட்டினார்கள், அதுதான் அவர்களுடைய கைதட்டல். துள்ளல் மெட்டுக்கு ஒரு கிழவர் எழுந்து தன் மனைவியோடு ஆடினார். மெலிந்த உயரமான மனிதர், மூக்கு மாத்திரம் சிவப்பு. பழைய ரயில்பாதைத் தொழிலாளி என்று பிறகு அறிந்தேன். சளித் தடிமனோடு வந்திருந்தார். ஆட்டத்தின் நடுவில் நின்று மூக்கைச் சீறிவிட்டு மறுபடி சரியான அடியில் சேர்ந்துகொண்டார். லய ஞானமுள்ள மனிதர்.

பிறகு கூட்டம் தொடங்கியது. எங்களை இறங்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் இறங்கவில்லை. எங்கள் வழக்கம் அதுதானே. மேளகாரர் வாசித்துவிட்டு எழுந்து போவதில்லை. ஐயர் மந்திரம் சொல்லும்போதும், ஊர்ப் பெரியவர்கள் கதைக்கும்போதும், தவிலை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை விழித்தபடி இருக்கவேண்டும். எந்த நேரம் கெட்டிமேளம் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? தாலி கட்டுகிற கணத்தில் ஒருவர் விரலை உயர்த்தி ஆட்டுவார், சபை எழும்பும், அட்சதை பறக்கும். அந்த நேரம் யாராவது தும்மினாலோ அழுதாலோ அது ஒருவர் காதிலும் விழக்கூடாது. அதற்காகத்தான் கெட்டிமேளம். எத்தனையோ தும்மல்களை நான் ஒருவருக்கும் தெரியாமல் புதைத்திருக்கிறேன். விரல், எழும்புகிற சனம், தும்மல், இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலே என் கை புறப்பட்டுவிடும். மூளையிடம் கேட்பதில்லை.

தலைவர் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அண்ணை மறுபக்கம் பார்த்துக் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சபை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. தலைவர் ஒரு விரலை உயர்த்தினார். மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அந்த அமைதிக்குள் சிவப்பு மூக்குக் கிழவர் தும்மினார்.

மூன்றும் ஒன்றாக வந்தால் நான் என்ன செய்வேன்?

அடித்தேன். ஒன்றரை வருடத்துக் கெட்டிமேளம். மா மூட்டையில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அண்ணையும் பழக்கதோஷத்தில் கிளாரினெட்டை வாயில் வைத்து மேல்ஸ்தாயியில் ஒரு பிடி பிடித்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து, அந்த வருடம் இறந்துபோன மூன்று உறுப்பினர்களுக்கான மௌன அஞ்சலியை மேளதாளத்தோடு நடத்தி வைத்தோம். சிவபூசையில் கரடி புகுந்தது என்பார்கள். கரடிக்குக்கூடக் கையில் தவில் இருப்பதில்லை.

முதலில் சுதாரித்தவர் அண்ணை. வாயிலிருந்து கிளாரினெட்டை எடுத்துவிட்டு என் பக்கம் சரிந்தார்.

"தம்பி, நிப்பாட்டு. அட்சதை விழேல்லை."

நிமிர்ந்து பார்த்தேன். அறுபது பேர் தலையைக் குனிந்தபடி, கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை நின்றது. தவில் மட்டும் இன்னும் கொஞ்சம் முனகியது.

எங்கள் ஊரென்றால் அந்த இடத்திலேயே கதிரை பறந்திருக்கும். இங்கே தலைவர் கையை மடக்கி மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம். குழம்பின நிமிடம் கணக்கில் சேராது. விரலை மறுபடி உயர்த்தி முதலிலிருந்து தொடங்கினார். நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்தேன். கூடுகள் சதையைக் குத்தின. கிழவரோ அடுத்த தும்மலை அடக்கி, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஊதாநிறமாகிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவருடைய முதுகுச் சேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடத்தில் நானும் கிழவரும் பட்ட பாட்டைப் பார்த்து மூன்று ஆத்மாக்களும் எங்களை மன்னித்திருக்கவேண்டும்.

கூட்டம் நடந்தது. அண்ணை தனக்கு விளங்கியதை என் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் குற்றம் நிகழ்ச்சி நிரலில் இல்லாதபடியால் அதைப்பற்றிக் கதைக்க முடியாதாம். கோடைச் சுற்றுலாவுக்கு மலை மேலே போவதா கீழே போவதா என்று நாற்பது நிமிடம் கதைத்தார்கள். மலை உச்சியில் வாழ்கிற சனம் கீழே போவதென்றுதான் முடிவெடுக்கும் என்று எனக்கே தெரியும். சாவி போயிற்று, கை போயிற்று, தவில் பாரிஸுக்கு. போர்வை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது விடயம் வந்தது. கம்பிவண்டியில் வேலை செய்கிற பெரிய மீசைக்காரர் உடனே எழுந்தார். இவர்களுக்குச் சாவி கொடுப்பதைப்பற்றிப் பிறகு பார்ப்போம், இறந்தவர்களுக்கு ஏன் மேளம் அடித்தார்கள் என்பதற்கு விளக்கம் வேண்டும் என்றார். பேச்சு நியாயமான பேச்சு. எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள்.

அண்ணை எழுந்தார். அவருடைய ஜெர்மன் முழுவதும் குசினியில் படித்தது. மரக்கறியின் பெயரும் பாத்திரத்தின் பெயரும் தெரியும், மிச்சமெல்லாம் ஏச்சு. சகுனம், அபசகுனம், மங்களம் இவற்றுக்கெல்லாம் எங்கே போவார்? முக்கியமான நேரம் ஒரு சட்டி என்றார். தும்மல் சட்டிக்குள் பறந்து விழுகிற இலையான் ஈ என்றார். மேளம் மூடி. இலையான் வந்தால் எங்கள் ஊரில் மூடி போடுவோம். இந்தத் தம்பி நல்ல பிள்ளை, கெதியாக மூடி போடுகிறவன், இன்றைக்குச் சட்டி மாறிப்போச்சு, மன்னிக்கவேண்டும். சொல்லிவிட்டு இருந்தார். அதைவிட நல்ல விளக்கத்தை எந்தச் சாஸ்திரத்திலும் நான் கேட்டதில்லை.

மண்டபம் அதை மென்றுகொண்டிருந்தது. மீசைக்காரர் இருப்பதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். அப்போது கிழவரின் மனைவி எழுந்தார். புருசனைப் பார்க்காமல் அண்ணையைப் பார்த்து, ஆற அமர, இரண்டு மூன்று வசனம் சொன்னார். அவர் முடிக்கமுன் மேசைகள் அதிரத் தொடங்கின. சனம் முஷ்டியால் குத்திக் குத்திச் சிரித்தது. மீசைக்காரருடைய மீசையும் ஆடியது. நான் அண்ணையின் கையைச் சுரண்டினேன்.

"அவ சொல்லுறா," என்றார் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மனுசன் தங்கட கலியாணத்திலை பாதிரியார் சம்மதம் கேட்ட நேரம் பாத்துத் தும்மினவராம். ஒருத்தரும் மூடி போடேல்லையாம். முப்பத்தெட்டு வருஷமாச் சட்டிக்குள்ளை இலையானாம்."

கிழவர் எழுந்து சபைக்குத் தலை வணங்கினார். குற்றத்தை மறுக்கவில்லை.

தலைவர் மேசையில் தட்டி, இந்தக் கருத்தும் நிரலில் இல்லை, இருந்தாலும் குறிப்பில் எழுதப்படும் என்று சொல்லிவிட்டு வாக்குக்கு விட்டார். அண்ணை இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்ப எல்லாரும் கை தூக்குவாங்கள். அது உனக்கில்லை. பேசாமல் இரு."

கைகள் உயர்ந்தன. அவ்வளவு கைகளை ஒன்றாகக் கண்டதும் என் விரல்கள் துடித்தன, பொய் சொல்லமாட்டேன். அண்ணை விடவில்லை. எண்ணினார்கள், சரிபார்த்தார்கள், மறுபடி எண்ணினார்கள். சாவி எங்களுக்கு. செவ்வாய்க்கிழமை ஐந்திலிருந்து ஆறு வரை. எதிராக ஒன்பது பேர். மீசைக்காரர் மேடைக்கு வந்து எங்கள் இருவருக்கும் கைகொடுத்து, தான் எதிராகத்தான் வாக்களித்தேன், இனியும் எதிர்ப்பேன் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு எங்களுக்குப் பியர் வாங்கித் தந்தார். இந்தச் சனத்தை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது அந்தப் பியரிலிருந்துதான்.

முதல் செவ்வாய்க்கிழமை அண்ணைக்குச் சலாட் வேலை முடியவில்லை. நான் தனியேதான் போனேன். நிலவறையில் விளக்கைப் போட்டேன். நீளமான பாதை, அதன் மறுமுனையில் ஒன்பது கட்டைகள், எனக்கு ஒரு கதிரை. தவிலை மடியில் வைத்தேன். கூடுகளைப் போட்டேன். கையை உயர்த்தினேன்.

அடிக்க முடியவில்லை.

சனியன், இதற்காகவா இவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. சுவர் ஒரு முழம். கைதான் கீழே இறங்கமாட்டேன் என்றது. அப்போதுதான் ஊரில் கடைசியாக வாசித்த கலியாணம் நினைவுக்கு வந்தது. ஊரடங்கு நாள். பந்தல் போடாமல், வீட்டுக்குள், கதவு யன்னலெல்லாம் சாத்தி நடந்த கலியாணம். வெளியே வீதியில் ஆமிக்காரரின் வாகனம் நின்றது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தபோது பொம்பிளையின் தகப்பன் விரலை உயர்த்தவில்லை. என் காதுக்குள் குனிந்து, "தம்பி, மெதுவா" என்றார். கெட்டிமேளத்தை நான் இரண்டு விரலால் அடித்தேன். எனக்கே கேட்கவில்லை. மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்து, நான் அடிக்கிறேன் என்பதைக் கண்ணால் கண்டபின்தான் தாலியைக் கட்டினார். கூட்டத்தில் அடித்தது மூன்று செத்த மனிதருக்கு, அதுவும் தெரியாமல் அடித்தது. தெரிந்து ஒரு கலியாணத்துக்கு என் கை கடைசியாக அடித்தது அந்த மெதுவைத்தான்.

படியில் காலடி கேட்டது. முதலில் கிழவரின் மனைவி இறங்கி வந்தார், தேவாலயத்துக்குப் போகிற மேலங்கியும் தொப்பியுமாக. பின்னால் கிழவர் கழுத்துப் பட்டியோடு வந்தார். அவருக்குப் பின்னால் தலைவர், கையில் பாதி பியர். கிழவி என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. கதைத்தாலும் எனக்கு விளங்காது என்று அவருக்குத் தெரியும். புருசனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்துருட்டும் பாதையின் நடுவில் நிறுத்தினார். அவருடைய கழுத்துப் பட்டியை இழுத்து நேராக்கினார். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். கிழவர் தன் பங்குக்கு மற்றக் கையால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

பிறகு கிழவி என் பக்கம் திரும்பி ஒரு விரலை உயர்த்தினார்.

அடித்தேன். முதல் அடியிலேயே ஒரு கூடு கழன்று பறந்து தலைவரின் பியருக்குள் விழுந்தது. நிறுத்தவில்லை. இரண்டாவது சுற்றில் மறுமுனையில் மூன்று கட்டைகள் தாமாக விழுந்தன. கிழவி விரலை இறக்கவில்லை, நானும் விடவில்லை. கை எதையும் மறந்திருக்கவில்லை. எனக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. மேலே மதுக்கூடத்தில் கண்ணாடிக் கோப்பைகள் கிலுகிலுவென்று ஆடினவாம். மெதுவாக அடி என்று சொல்ல ஒருவரும் படியிறங்கி வரவில்லை.